கேளுங்கள், சொல்கிறேன்: பென்சிலில் எழுதிய பெயர்

நிக்கி ஃப்ரெஞ்ச் எழுதிய ‘தி மெமரி கேம்’ நாவலைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிப் பேர் திட்டியிருக்கிறீர்கள். இந்த வாரம் முழுக்க அதற்கே.

கதையே தெரியாமல் இதைப் படிக்கும் எங்களுக்கு இரண்டு வரியில் சொல்லக் கூடாதா?
— கல்லூரி மாணவி, கரூர்

ஜேன் ஒரு கட்டடக் கலைஞர். விவாகரத்து நடந்துகொண்டிருக்கிறது. கணவரின் குடும்பத்துத் தோட்டத்தில் ஒரு சின்ன வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது எலும்புகள் கிடைக்கின்றன. அவை 25 வருடங்களுக்கு முன் காணாமல்போன நாத்தனாருடையவை. அவள் ஜேனின் உயிர்த்தோழி. மனம் உடைந்துபோன ஜேன் ஒரு மனச் சிகிச்சையாளரிடம் போகிறாள். அவர் அவளை அந்தப் பழைய நாளுக்கே திரும்பத் திரும்பக் கூட்டிப்போகிறார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக ‘ஞாபகம்’ வருகிறது. 1997இல் வந்த புத்தகம். நிக்கி ஃப்ரெஞ்ச் என்பது ஓர் ஆள் இல்லை. நிக்கி ஜெரார்ட், ஷான் ஃப்ரெஞ்ச் என்ற கணவன் மனைவி. இருவரும் சேர்ந்து எழுதிய முதல் நாவல் இது.

முதல் நூறு பக்கமும் ஒரே குடும்பப் பேச்சு, சாப்பாடு. யார் யாருக்கு என்ன உறவு என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டு படித்தேன். இதையா சஸ்பென்ஸ் என்கிறீர்கள்?
— வங்கி ஊழியர், திருநெல்வேலி

தாளில் எழுதினீர்களா, நல்ல காரியம். நானும் எழுதினேன். இழுவைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குடும்பத்தின் மேல் ஜேனுக்கு எவ்வளவு ஆசை என்று அந்தப் பக்கங்களில்தான் தெரிகிறது. அது தெரியாவிட்டால், பிற்பாடு அவள் வாயிலிருந்து கொலைகாரர் என்று ஒரு பெயர் வரும்போது நமக்கு வயிற்றைப் பிசையாது. போலீஸ் பகுதிதான் எனக்குச் சப்பென்று இருந்தது.

பாதியிலேயே கொலைகாரர் யார் என்று கண்டுபிடித்துவிட்டேன். நீங்கள்?
— ஓய்வுபெற்ற தபால் அலுவலர், மதுரை

எனக்குக் கண்டுபிடிக்கும் பாக்கியமே கிடைக்கவில்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதி. நாற்பதாம் பக்கம் வாக்கில், முன்னால் வைத்திருந்த புண்ணியவான் ஓரத்தில் பென்சிலால் ஒரு பெயரை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, ‘இவர்தான்!’ என்று ஆச்சரியக்குறியும் வைத்திருந்தார்.

அந்தப் பெயர் சரியா தப்பா என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஆனால் அதற்கப்புறம் நான் படித்த விதத்தைச் சொல்ல வேண்டும். அந்த ஆள் சிரித்தால் விஷமச் சிரிப்பு. பேசாமல் இருந்தால் அழுத்தக்காரர். ஒருவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தால்கூட ‘என்ன கலந்தாரோ’ என்று தோன்றியது. வரிகளில் ஒன்றுமே இல்லை. பென்சில்தான் எனக்காகப் படித்தது. சிகிச்சையறையில் ஜேனுக்கு நடப்பதும் இதேதானோ என்ற சந்தேகம் எனக்கு அப்போதே வந்துவிட்டது.

சிகிச்சையில் பழைய நினைவு திரும்பி, அதை வைத்து ஒருவரைச் சிறைக்கு அனுப்ப முடியுமா? கதைக்காகச் சொல்வதுதானே?
— வழக்கறிஞர், சேலம்

வக்கீல் நீங்களே கேட்கிறீர்களே! அனுப்பியிருக்கிறார்கள். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில், 1969இல் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கொலையானாள். ஆள் சிக்கவில்லை. இருபது வருடம் கழித்து அவளுடைய தோழி, ‘கொன்றது என் அப்பா, நான் பார்த்தேன், இப்போதுதான் ஞாபகம் வந்தது’ என்றார். அப்பாவின் பெயர் ஜார்ஜ் ஃப்ராங்க்ளின். 1990இல் தண்டனை. மகள் சொன்ன விவரங்கள் அன்றைய செய்தித்தாள்களிலேயே வந்தவை என்று காட்ட அப்பாவின் தரப்பு முயன்றது, நீதிபதி அனுமதிக்கவில்லை. 1995இல் தீர்ப்பு ரத்தானதற்கு அதுவும் ஒரு காரணம். 1996இல் அவர் வெளியே வந்தார்.

அந்த வழக்கில் அப்பாவின் தரப்புக்காகச் சாட்சி சொன்ன உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ், பிற்பாடு ஒரு சோதனை செய்தார். 24 பேரிடம், ‘சின்ன வயதில் நீ கடைவளாகத்தில் தொலைந்துபோனாய், ஒரு வயதானவர்தான் கண்டுபிடித்துக் கொடுத்தார்’ என்ற கட்டுக்கதையை, வீட்டார் சொன்ன மூன்று நிஜச் சம்பவங்களோடு கலந்து கொடுத்தார். கடைசிவரை ஆறு பேர் ‘ஆமாம், ஞாபகம் இருக்கிறது’ என்று முழுசாகவோ அரைகுறையாகவோ சொன்னார்கள்.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. நான் கிணற்றில் விழுந்தவன். ஈரக் கயிற்றின் வாசனை, மேலே வட்டமாகத் தெரிந்த வானம், பக்கத்து வீட்டு மாமா இறங்கிய சத்தம், எல்லாம் இப்போதும் அப்படியே இருக்கிறது. ஐம்பது வயதில் இதை ஒரு கல்யாண வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா இலையிலிருந்து நிமிர்ந்து, “டேய், விழுந்தது அண்ணன்டா. நீ தூளியில தூங்கிட்டு இருந்தே” என்றாள். அண்ணனும் தலையாட்டினார். பொங்கலுக்குப் பொங்கல் பாட்டி சொன்ன கதையை நான் எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கயிற்று வாசனை எங்கிருந்து வந்தது? பாட்டி வாசனையெல்லாம் சொன்னதில்லை.

அப்படியானால் பல வருடம் கழித்துத் தனக்கு நடந்த கொடுமையைச் சொல்லும் பெண்கள் எல்லாரும் கற்பனை செய்கிறார்களா? இந்த நாவல் அதைத்தானே சொல்ல வருகிறது? கோபமாக இருக்கிறது.
— ஆசிரியை, தஞ்சாவூர்

உங்கள் கோபம் நியாயம், அம்மா. இல்லை. சொல்லாமல் இருந்தது வேறு, மறந்துபோனது வேறு. முப்பது வருடம் வாய் திறக்காத ஒருத்தி அதில் ஒரு நாளைக்கூட மறந்திருக்க மாட்டாள். கேட்க ஆள் இல்லை, அல்லது கேட்டவர்கள் ‘சும்மா இரு’ என்றார்கள். சர்ச்சை அதைப் பற்றியது அல்ல. ஞாபகமே இல்லாத ஒன்றை ஹிப்னாடிச மயக்கத்திலும் கற்பனையிலும் ‘தோண்டி’ எடுக்கிற முறையைப் பற்றியது. பிரிட்டனின் மனநல மருத்துவர் அமைப்பே, இந்த நாவல் வந்த அதே 1997இல், அப்படித் தோண்டும் முறைகளைத் தவிர்க்கச் சொன்னது. நாவல் இந்த வித்தியாசத்தை இன்னும் நிதானமாகப் பேசியிருக்கலாம். பேசவில்லை. அந்த இடத்தில் நான் உங்கள் கட்சி.

ஹிப்னாடிசம் செய்தால் உண்மை தானாக வெளியே வந்துவிடாதா?
— மளிகைக் கடைக்காரர், உடுமலை

உண்மையும் வரும், பொய்யும் வரும். இரண்டையும் ஒரே உறுதியோடு சொல்ல வைக்கும்.

புத்தகம் எங்கும் கிடைக்கவில்லை. உங்கள் பிரதியை இரவல் தருவீர்களா?
— அதே கல்லூரி மாணவி, கரூர்

தருகிறேன். அந்தப் பென்சில் பெயரை நேற்று ரப்பரால் அழித்தும்விட்டேன். புண்ணியவான் அழுத்தி எழுதியிருக்கிறார். பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் பள்ளம் தெரிகிறது. சாய்க்காமல் படியுங்கள்.