வலையில் ஏறும் பஞ்சும் தம்பிக்கு ஏறும் மருந்தும்

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. ரத்தப் புற்றுநோய் என்று மதுரையில் சேர்த்திருக்கிறோம். சைட்டராபின் என்ற மருந்தை 7 நாள் இரவு பகலாக டிரிப்ஸில் ஏற்றுகிறார்கள். அது கடற்பஞ்சிலிருந்து வந்தது என்று வாட்ஸ்அப்பில் பார்த்தேன். எங்கள் வலையில்தான் தினமும் பஞ்சு ஏறுகிறதே, காயவைத்துக் கஷாயம் போட்டுக் கொடுக்கலாமா?
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: வேண்டாம் தங்கச்சி, ஒரு மடக்குகூட வேண்டாம். ஆனால் நீங்கள் பார்த்த செய்தி முழுப் பொய்யும் இல்லை. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

நான் மண்டபத்துக்காரி. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இல் தேசியப் பூங்கா ஆவதற்கு முன்பு, அம்மா மனோலித் தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போவார். மரிக்கொழுந்துப் பாசியோடு சில நாள் பஞ்சும் சாக்கில் வந்துவிடும். ஒரு தடவை அதைப் பிய்த்துப் பார்த்தேன். ராத்திரி முழுக்க விரல் நுனியெல்லாம் அரித்து எரிந்தது. பல பஞ்சுகளின் உடம்புக்குள் கண்ணாடி போன்ற பொடி ஊசிகள் இருக்கின்றன என்று பார்மசி படிக்கப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

1950களின் தொடக்கத்தில் வெர்னர் பெர்க்மன் என்ற அமெரிக்க வேதியியலாளர் ஃபுளோரிடா கடலில் எடுத்த ஒரு பஞ்சை ஆராய்ந்தார். அதில் விசித்திரமான நியூக்ளியோசைடுகள் கிடைத்தன. டி.என்.ஏ.வின் ஓர் எழுத்தும் ஒரு சர்க்கரையும் சேர்ந்த துண்டுதான் நியூக்ளியோசைடு. நம் டி.என்.ஏ.வில் இல்லாத அரபினோஸ் என்ற சர்க்கரை அந்தப் பஞ்சின் துண்டுகளில் இருந்தது. அதைப் பார்த்து வந்த யோசனையில்தான், 1959இல் கலிஃபோர்னியா ஆய்வகம் ஒன்றில் சைட்டராபினைச் செய்தார்கள். 1969இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பஞ்சு வழி காட்டியது, மருந்தை மனிதர்கள் செய்தார்கள்.

அது வேலை செய்யும் விதம் உங்களுக்கு எளிதில் புரியும். வலை பின்னுவதை நினைத்துக்கொள்ளுங்கள். செல் இரண்டாகப் பிரியும் முன் தன் டி.என்.ஏ.வை இன்னொரு படி பின்ன வேண்டும். சைட்டராபின் வழக்கமான நூல் மாதிரியே இருப்பதால் செல் அதையும் எடுத்துப் பின்னிவிடும். அப்புறம் அடுத்த கண்ணிக்கு முடிச்சு விழாது. வலை பாதியில் நின்றுபோக, செல் சாகும். ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும் புற்றுச் செல்கள் இதில் அதிகம் மாட்டுகின்றன. வாயின் உள்தோல், குடல், முடிவேர், எலும்பு மஜ்ஜை இவையும் வேகமாகப் பிரிகிறவைதான். தம்பிக்கு வாய்ப்புண் வருவதும் முடி கொட்டுவதும் அதனால்தான்.

சரி, ஏன் 7 நாளும் விடாமல் ஏற்ற வேண்டும்? செல் டி.என்.ஏ. பின்னுகிற நேரத்தில் மட்டுமே இந்த மருந்து பிடிக்கும். எல்லாச் செல்லும் ஒரே நேரத்தில் பின்னுவதில்லை. உடம்போ மருந்தைச் சீக்கிரமே சிதைத்துவிடுகிறது. வாய்வழியாகக் கொடுத்தால் அசல் சைட்டராபினே குடலிலும் கல்லீரலிலும் பெரும்பகுதி வீணாகிவிடும். 22 வருடம் இந்த மருந்தைக் கலந்து கொடுத்தவள் நான். குப்பியில் ஊசி இறக்கி உறிஞ்சினால் கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். அதில் ஒரு மில்லிகிராம் கூடினாலும் குறைந்தாலும் கணக்கு எழுதி வைப்போம். கஷாயத்தில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று யார் கணக்கு வைப்பது?

அதோடு, உங்கள் வலையில் ஏறுவது ஃபுளோரிடாப் பஞ்சு இல்லை. பஞ்சு கடல்நீரை வடிகட்டியே வாழ்வது. நீரிலுள்ள அழுக்கும் கிருமியும் அதற்குள் தங்கும். வெள்ளணுக்கள் இறங்கிக் கிடக்கிற பிள்ளைக்கு அதைக் கொடுப்பது பெரிய ஆபத்து. வலையில் வந்தால் கடலிலேயே விட்டுவிடுங்கள்.

உங்கள் கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்று தவிக்கிறீர்கள், புரிகிறது. நன்றாக வெந்த கஞ்சியை ஆறவைத்துக் கொடுங்கள். பச்சையாக எதுவும் வேண்டாம். வாயை மெல்லிய உப்புத் தண்ணீரால் அடிக்கடி கொப்பளிக்கச் சொல்லுங்கள். கண் சிவந்தாலோ நடை தள்ளாடினாலோ நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். டிரிப்ஸ் முடிந்த பிறகும் இரண்டு மூன்று வாரம் வெள்ளணு குறைவாகத்தான் இருக்கும். அதற்குள் வீட்டுக்கு அனுப்பினால் ஒரு தெர்மாமீட்டரோடு வாருங்கள். காய்ச்சல் 100.4 தொட்டால், மணி என்னவானாலும் டாக்டருக்குப் போன் போட்டுவிட்டு வண்டியை எடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.