இடைக்கால ஐரோப்பாவின் குதிரைவீரர் (நைட்) இருவர் காதலிப்பதாக எழுதும் சரித்திர நாவல்களில் கொஞ்சமாவது உண்மை உண்டா?

உண்டு. ஆனால் நாவலாசிரியர்கள் தேடும் இடத்தில் அது இல்லை.

இந்த வகை நாவல்களை ஆசையாக எடுத்துப் பாதியில் மூடி வைப்பவன் நான். குதிரை லாயத்தில் ரகசியச் சந்திப்பு, ஒளிந்து பார்க்கும் பாதிரியார், கடைசி அத்தியாயத்தில் தூக்குமேடை: அலுத்துவிட்டது. ஆணும் ஆணும் கூடுவதைத் திருச்சபை பெரும்பாவம் என்றது உண்மைதான். ஆனால் ஒரு வீரன் இன்னொருவன்மேல் உயிரையே வைத்திருப்பதை ஒளிக்க வேண்டியிருக்கவில்லை.

இஸ்தான்புல் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் ஒரு கல்லறைப் பலகை இருக்கிறது. வில்லியம் நெவில், ஜான் கிளான்வோ என்ற இரண்டு ஆங்கிலேய வீரர்களுடையது. இருவரும் இரண்டாம் ரிச்சர்ட் மன்னரிடம் பணிபுரிந்தவர்கள், கவிஞர் சாசருக்குப் பழக்கமானவர்கள். கிளான்வோவே கவிதை எழுதியவர். 1391 அக்டோபரில் கான்ஸ்டான்டினோபிளுக்கு (இன்றைய இஸ்தான்புல்) அருகே ஒரு கிராமத்தில் அவர் இறந்தார். நெவில் அதன்பின் உணவைத் தொடவில்லை, இரண்டே நாளில் அவரும் போய்விட்டார் என்கிறது வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தின் வரலாற்றேடு. எழுதியவர் ஒரு துறவி. கண்டனமாக ஒரு சொல் இல்லை. பலகையில் இரண்டு தலைக்கவசங்கள் முத்தமிடுவதுபோல் எதிரெதிரே நிற்கின்றன. கீழே இருக்கும் கேடயங்களில் பாதி இவர் குலச்சின்னம், பாதி அவருடையது. கணவன் மனைவியின் சின்னங்களை இணைக்கும் முறை அது. காதலர்களா, சத்தியம் செய்துகொண்ட சகோதரர்களா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அவ்விருவருக்கே அந்த வேறுபாடு அவ்வளவு முக்கியமாக இருந்ததா என்பது என் சந்தேகம்.

காதலுக்குத் தடை வேண்டுமென்றால் 13ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு உரைநடைக் கதைக்குப் போங்கள்: ஆர்தர் மன்னரின் வீரன் லான்சலாட்டின் கதை அது. அதில் ஆர்தரை எதிர்த்துப் போரிடும் காலஹோ, அவரை வெல்லப்போகும் நேரத்தில், லான்சலாட் கேட்டான் என்பதற்காகச் சரணடைகிறான். லான்சலாட்டின் மனமோ ஆர்தரின் அரசி கினிவியரிடம். அவர்களைச் சந்திக்க வைத்து, முதல் முத்தத்துக்கும் வழி செய்பவன் காலஹோவேதான்! எந்தத் தூக்குமேடையும் இந்த வதைக்கு ஈடாகாது. பிறகு லான்சலாட் இறந்துவிட்டான் என்று நம்பிக் காலஹோ, உணவை மறுத்து, நோயில் விழுந்து இறக்கிறான்.

பல ஆண்டுகள் கழித்து லான்சலாட்டும் இறக்கிறான். அவனைக் கொண்டுபோய் வைப்பது அரசியின் அருகில் அல்ல, காலஹோவின் கல்லறைக்குள்.