நடுவில் சிவந்திருக்கும் வான்கோழிக் கொத்துக்கறி

கேள்வி: அண்ணன் வளர்த்த வான்கோழியை அறுத்து, அரை கிலோ கொத்துக்கறியாகக் கொடுத்தார். ஃப்ரீசரில் வைத்திருந்ததை எடுத்து, கட்டியாகவே மைக்ரோவேவில் ஆறு நிமிடம் வைத்தேன். ஓரமெல்லாம் வறண்டுவிட்டது, நடுவில் இளஞ்சிவப்பாக இருக்கிறது. மருமகள் ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள். இப்படியே சாப்பிட்டால் பரவாயில்லீங்களா? மைக்ரோவேவ் கதிரே கெடுதல் என்றும் சொல்கிறார்கள்.
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அப்படியே சாப்பிட வேண்டாம்மா. மருமகள் மட்டுமல்ல, வீட்டில் யாருமே. கதிரைப் பற்றிய பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். அதுவும் ரேடியோ அலையின் உறவுதான். அடுப்பை நிறுத்தியதும் நின்றுவிடும், கறியில் தங்காது. சிக்கல் எல்லாம் வேகாத நடுப்பகுதியில்தான்.

முழுத் துண்டுக் கறியில் கிருமிகள் பெரும்பாலும் மேல்பக்கத்தில் இருக்கும். கொத்தும்போது மேலே இருந்தது உள்ளே போய்க் கலந்துவிடுகிறது. சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் என்ற கிருமிகள் இரண்டும் கோழி இனங்களில் சகஜம். ஆகவே கொத்துக்கறியின் ஒவ்வொரு இடமும் 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். மைக்ரோவேவ் அலையோ இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்தான் நன்றாக இறங்கும். அதிலும் பனிக்கட்டியைவிடத் தண்ணீர்தான் இந்த அலையை நன்றாக உறிஞ்சும். முதலில் உருகிய ஓரம் மேலும் மேலும் சூடாகி வறண்டுபோக, நடு இன்னும் ஐஸாகவே கிடக்கும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

அடுத்த முறை, முந்தின நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். அவசரத்துக்கு மைக்ரோவேவிலேயே உருக்கினால் உடனே சமைத்துவிட வேண்டும். மைக்ரோவேவுக்கு உகந்த அகலமான கண்ணாடிப் பாத்திரத்தில், நடுவில் குழி விட்டு வளையம்போலப் பரப்புங்கள். ஆவி போகச் சின்ன இடைவெளி விட்டு மூடி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கட்டிகளை உடைத்துக் கிளறுங்கள். மொத்தம் எத்தனை நிமிடம் என்பது உங்கள் அடுப்பின் வாட்டைப் பொறுத்தது. வெந்தபின் மூடியபடியே மூன்று நிமிடம் விட்டு, உணவு வெப்பமானியை மூன்று இடங்களில் குத்திப் பாருங்கள். நிறத்தை நம்பாதீர்கள்: வெந்த வான்கோழியும் சில சமயம் லேசாகச் சிவந்திருக்கும், வேகாததும் பழுப்பாகிவிடும்.

என்னைக் கேட்டால், கொத்துக்கறிக்கு வடசட்டிதான் சரி. சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ப்பல் போட்டு வதக்கும்போது கரண்டி சும்மா இருக்காது, கட்டியும் தங்காது. ருசியும் அதில்தான், அதைச் சொல்லத் தனியாக டாக்டர் வேண்டாம்! மைக்ரோவேவில் பாதி வேகும்போது கரண்ட் போனால், திரும்ப வரும்வரை காத்திருக்காமல் கேஸ் அடுப்புக்கு மாற்றிவிடுங்கள். வெதுவெதுப்பில் கிருமி பெருகும்.

மஞ்சள் தடவினால் கிருமி செத்துவிடும் என்று நம்பி வேக்காட்டைக் குறைக்க வேண்டாம். பச்சைக் கறி பட்ட பலகை, கத்தி, கை மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் தக்காளியைத் தொட வேண்டும்.

ஏற்கெனவே ருசி பார்த்திருந்தாலும் பதற வேண்டாம்; எல்லோருக்கும் நோய் வந்துவிடாது. ஒரு வாரம் கவனியுங்கள். பேதி வந்தால் ஓஆர்எஸ் கரைசல் கொடுங்கள்; பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். மற்றவர்களுக்குக் காய்ச்சல், மலத்தில் ரத்தம், ஓயாத வாந்தி, மூன்று நாள் தாண்டிய பேதி, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். மருமகளுக்கு மட்டும் மூன்று நாள் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். லேசான காய்ச்சலோ பேதியோ வந்தாலும், அன்றைக்கே அவரைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிப்போய், இந்தக் கறி விஷயத்தையும் சொல்லிவிடுங்கள்.