ரசீது இல்லாத டைமிங் பெல்ட்

கேள்வி: பழைய இன்னோவா டீசல் வாங்கினேன். 1,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. டைமிங் பெல்ட் மாற்றியதற்கு ரசீது இல்லை. சத்தமில்லாமல்தான் ஓடுகிறது, பொறுக்கலாமா?
– வாசகர், புனலூர்

பதில்: வேண்டாம் அண்ணாச்சி. ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வையுங்கள். பெல்ட் சொல்லிக்கொண்டு அறாது. புளியரை எஸ் வளைவில் நின்றுபோன டீசல் வண்டி ஒன்றைச் செங்கோட்டையில் என் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். கவரைக் கழற்றினால் பல் உதிர்ந்த பெல்ட். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைத் திறந்தால் பிஸ்டன் தலையில் வால்வு இடித்த பிறைத் தழும்பு, நாலிலும். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு 2 சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு 1 சுற்று. அந்தக் கணக்கைப் பிடித்திருப்பது இந்த ரப்பர்தான்; கணக்குத் தப்பினால் வால்வும் பிஸ்டனும் இடித்துக்கொள்ளும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதன் வழியில் ஓடவிடும் ஐட்லர் பேரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். ஆயில் சீல் கசிந்தால் அதையும். எண்ணெய் பட்டால் புது பெல்ட்டும் ஊறிக் கெட்டுவிடும்.