காற்றோட்ட சோல், மருந்து சோல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஓட்டை போட்ட சோல், மருந்து வைத்த சோல் பற்றியவை. வேலூர் வெயிலில் இது எதிர்பார்த்ததுதான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறேன். வயது, வேலை, சர்க்கரை உண்டா இல்லையா என்று எதுவுமே எழுதாமல் "எனக்கு எந்தச் செருப்பு நல்லது?" என்று ஒற்றை வரி அனுப்பியவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு வழியில்லை. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

போக்குவரத்துக் காவல் பணி. பத்து மணி நேரம் ஷூ. உள்ளே கால் ஊறிப்போகிறது. அடிவரை துளை போன சோல் உள்ள ஷூ வாங்கலாமா? (காட்பாடி)

வேண்டாம். அடிவரை துளை போட்டால் காற்றுக்கு முன்னால் சாக்கடைத் தண்ணீர் உள்ளே வரும். மே மாதத்துத் தார்ச்சாலை காற்றைவிடச் சூடாக இருக்கும். அதன் மேல் நிற்பவருக்குக் கீழிருந்து குளிர்ந்த காற்று எங்கிருந்து வரும்? அடியில் துளை போட்டு விற்கும் இத்தாலி நிறுவனம் ஒன்று இருக்கிறது. அவர்கள் துளைக்கு மேல் ஒரு சவ்வை ஒட்டுகிறார்கள். அது நீராவியை வெளியே விடும், தண்ணீரை உள்ளே விடாது. இங்கே பலர் அந்தத் துளையை மட்டும் பார்த்துச் செய்கிறார்கள், சவ்வை விட்டுவிடுகிறார்கள்.

நடக்கும்போது சோல் அமுங்கி எழுவதே ஒரு சின்ன பம்ப். குதிகால் பரப்பு 30 சதுர செ.மீ. என்று வையுங்கள். 3 மி.மீ. அமுங்கினால் ஓர் அடிக்கு 10 மி.லி. காற்றுக்கும் குறைவாகவே நகரும். அதனால் அது வீணாகாமல் போக வழி வேண்டும். இன்சோலின் அடிப்பக்கத்தில் குதிகாலிலிருந்து விரல்வரை 3 மி.மீ. ஆழத்தில் நீளவாக்கில் வாய்க்கால்கள், அவற்றிலிருந்து மேலே 2 மி.மீ. துளைகள், காற்று வெளியேற உள்வளைவுப் பக்கம் தரைக்கு மேலே ஒரு வாய். இப்படிச் செய்த ஷூ கிடைத்தால் வாங்கலாம். ஆனால் நீங்கள் நடப்பதைவிட நிற்பதுதான் அதிகம். நின்றால் பம்ப் வேலை செய்யாது. ஆகவே உங்களுக்கு முதல் மருந்து மதியம் சாக்ஸ் மாற்றுவது, இரண்டாவது மருந்து இரண்டு ஜோடி ஷூ. ஒன்று போட்டால் மற்றது 24 மணி நேரம் காய வேண்டும். இரண்டு பாதத்திலும் சேர்த்து சுமார் 2.5 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஓர் இரவில் ஷூ காயாது.

ஷூ நாற்றத்துக்கு என்ன செய்வது? கரி இன்சோல் போடலாமா? (ராணிப்பேட்டை)

வியர்வைக்கு நாற்றம் இல்லை. அதைத் தின்னும் பாக்டீரியா வெளியேற்றும் அமிலம்தான் நாறுகிறது. கரி அந்த நாற்றத்தைக் கொஞ்ச நாள் பிடித்து வைக்கும், ஈரத்தைக் குறைக்காது. ஷூவைக் காய வையுங்கள், இன்சோலை வெளியே எடுத்துத் தனியாகக் காய வையுங்கள்.

எங்கள் யூனிட்டில் ஜாப் ஒர்க்காக இன்சோல் வெட்டுகிறோம். வேப்ப எண்ணெயும் வெட்டிவேரும் சேர்த்து சொந்தமாக மருந்து சோல் கொண்டுவர ஆசை. பெட்டியில் "சர்க்கரை நோய்க்கு நிவாரணம்" என்று அச்சடிக்கலாமா? (ஆம்பூர்)

அச்சடிக்காதீர்கள். மருந்து விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் சர்க்கரை நோயும் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது பொய். இன்சோலில் தடவியது சாக்ஸைத் தாண்டி, பாதத்தின் தடித்த தோலையும் தாண்டி ரத்தத்துக்குப் போய் எதையும் குணமாக்காது. இன்சோலில் போடும் மருந்து இன்சோலைத்தான் காக்கும். பூஞ்சை ஏறாது, நாற்றம் தாமதமாக வரும். அது சின்ன விஷயமும் அல்ல, அதைச் சொல்லியே தைரியமாக விற்கலாம்.

வேப்ப எண்ணெயை விட்டுவிடுங்கள். எண்ணெய் பட்ட இடத்தில் சொல்யூஷன் (ஒட்டும் பசை) பிடிக்காது, இரண்டு மாதத்தில் அடுக்கு பிரியும். அதற்குப் பதில் துத்தநாக ஆக்சைடு கலந்த மேல்துணி கேட்டால் கிடைக்கும். வெட்டிவேர் நல்ல யோசனை. வேர்களுக்கு நடுவே காற்று தங்கும், ஈரம் பட்டால் மணக்கும். ஆனால் வேர் நுனி ஊசி மாதிரி. இரண்டு துணிக்கு நடுவே வைத்துக் கட்டம் கட்டமாகத் தைக்க வேண்டும். சர்க்கரைக்காரருக்கு அதுவும் வேண்டாம். மேல்அடுக்குக்கு நம் ஊர் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோலை யோசியுங்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் வியர்வையை உறிஞ்சி வெளியே விடுகிற அளவுக்கு எந்த ரெக்ஸினும் விடாது. வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

துளை போடும்போது ஒன்று: முன்பாதத்தில் எலும்பு முட்டும் இடத்திலும் குதிகால் நடுவிலும் துளை கூடாது. உள்வளைவிலும் விரல்களுக்கு அடியில் மடிப்பு விழும் இடத்திலும் போடுங்கள்.

அம்மாவுக்கு 62 வயது, 14 வருடமாகச் சர்க்கரை. பாதம் மரத்துப்போகிறது. கண்காட்சியில் முள் முள்ளாக ரப்பர் மொட்டு வைத்த அக்குபிரஷர் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். அடியில் காற்றுத் துளையும் காந்தமும் உண்டு. போட்டதும் குறுகுறுவென்று உணர்ச்சி வருகிறது என்று சந்தோஷப்படுகிறார். தினமும் எத்தனை மணி நேரம் போடலாம்? (குடியாத்தம்)

ஒரு நிமிடம்கூட வேண்டாம். முதலில் போய் அந்தச் செருப்பைக் கழற்றி எடுத்து வையுங்கள். அம்மாவின் இரண்டு பாதத்தையும் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

மரத்த காலுக்கு உணர்ச்சி திரும்பிவிட்டது என்று நினைத்திருக்கிறீர்கள். அது அப்படி அல்ல. மரத்த கால் லேசான அழுத்தத்தை உணராது. அதற்கே தெரிகிறது என்றால் அழுத்தம் அந்த அளவுக்கு அதிகம் என்று பொருள். இதே காரணத்தால்தான் மரத்த காலுடையவர்கள் கடையில் இறுக்கமான செருப்பையே தேர்ந்தெடுக்கிறார்கள். சரியான அளவு அவர்களுக்குத் தொளதொளவென்று தோன்றும்.

கணக்கைப் பாருங்கள். 60 கிலோ எடை உள்ளவர் ஒரு காலில் நிற்கும் கணத்தில், தரையில் படும் பரப்பு 100 சதுர செ.மீ. என்றால், ஒரு சதுர செ.மீ.க்கு 600 கிராம். இப்போது 40 மொட்டுகள், ஒவ்வொன்றின் நுனியும் கால் சதுர செ.மீ. மொத்தம் 10 சதுர செ.மீ. எடையில் பாதியை மட்டும் அந்த மொட்டுகள் தாங்கினாலும் சதுர செ.மீ.க்கு 3 கிலோ. ஐந்து மடங்கு. நாளைக்கு 5,000 அடி நடந்தால் ஒவ்வொரு பாதமும் 2,500 முறை அதே புள்ளிகளில் இதை வாங்குகிறது. உணர்ச்சி உள்ள கால் பத்தாவது அடியிலேயே கொஞ்சம் சாய்ந்து, நொண்டி, எடையை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளும். மரத்த கால் அப்படியே மிதித்துக்கொண்டே போகும்.

இது இந்த மண்ணிலேயே கண்டுபிடித்த பாடம். கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயாளிகளின் கால் தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் காயப்பட்டுக் காயப்பட்டே அழிகிறது என்று காட்டினார். பெரிய அடிகூட வேண்டாம், சாதாரண அழுத்தம் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை விழுந்தாலே புண்ணாகும் என்பது அவருடைய ஆய்வு. அந்தப் பாடத்தை வைத்துத்தான் பிறகு சர்க்கரைக் காலுக்கும் உலகம் முழுக்கச் செருப்பு செய்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலும் கண்காட்சியிலும் சர்க்கரைக்காரர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு முள் செருப்பு விற்கிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. பட்டறையில் ஒரு அம்மாளின் பாதத்தை மையில் பதித்துப் பார்த்தபோது வரிசையாகப் புள்ளிகள் விழுந்தன. செருப்பைக் கழற்றி அரை மணி நேரம் ஆகியும் தடம் போகவில்லை. இரண்டாவது விரல் எலும்புக்கு நேர் கீழே நீர் கோத்திருந்தது. அவருக்கு அது தெரியவே தெரியாது. "டாக்டரே சொன்ன செருப்பு" என்று கடைக்காரர் சொல்லித்தான் வாங்கியிருந்தார்.

காந்தமும் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். செருப்புக்குள் கடினமான ஒரு வட்டத் துண்டு. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

சரி, என்ன வாங்குவது? முதலில் 10 கிராம் மோனோஃபிலமெண்ட் சோதனை. நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள், சில நிமிட வேலை. உணர்வு இல்லை என்று வந்தால் எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலர் ரப்பர் என்னும் மென்மையான ரப்பர்) செருப்பு. ஷோர் அளவில் (ரப்பரின் கடினத்தைச் சொல்லும் எண், குறைந்தால் மென்மை) 15 முதல் 20, கனம் 10 மி.மீ., அடியில் கடினமான ரப்பர் அல்லது டயர் சோல், பின்வார், வெல்க்ரோ பட்டை. ஆணி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒட்டலும் தையலும் மட்டும். நாள்பட்டு ஆணி மேலே ஏறினால் அம்மாவுக்குத் தெரியாது. வேலூருக்குப் பக்கத்தில் உள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் இப்படிச் செருப்பு செய்து பழக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மேலே திறந்த செருப்பு என்பதால் காற்றோட்டத்துக்குத் தனியாக எதுவும் வேண்டாம்.

மாலையில், நிற்க வைத்து, இரண்டு காலையும் அளக்கச் சொல்லுங்கள். மாலையில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். தினமும் இரவில் புறங்கையால் இரண்டு பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். ஓரிடம் மட்டும் மற்றக் காலைவிடச் சூடாக இருந்தால், அதாவது 2 டிகிரி அளவுக்கு வித்தியாசம் தெரிந்தால், நடையைக் குறைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். தோல் உடைவதற்கு முன்னால் வரும் எச்சரிக்கை அது. செருப்புக்குள் காலை நுழைக்கும் முன் கையை நுழைத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எம்.சி.ஆர்., ஈ.வி.ஏ. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எதில் காற்றோட்டம் அதிகம்? (வாணியம்பாடி, டிப்ளமோ மாணவர்)

தம்பி, இரண்டிலும் காற்றோட்டம் இல்லை. எம்.சி.ஆர். ரப்பர் நுரை, ஈ.வி.ஏ. பிளாஸ்டிக் நுரை, இரண்டிலும் குமிழிகள் மூடியவை. பஞ்சு மாதிரி இருப்பதால் காற்று போகும் என்று நினைக்காதே. துளையும் வாய்க்காலும் போட்டால்தான் போகும். ஈ.வி.ஏ. எடை குறைவு, சூடாக்கி வடிவம் பிடிக்கலாம், ஆனால் அமுங்கினால் முழுதாகத் திரும்பாது. ஆறு மாதத்தில் குதிகால் இடம் குழியாகிவிடும். எம்.சி.ஆர். எடை அதிகம், ஆனால் எழும்பி வரும். அடுத்த முறை கேட்கும்போது ஷோர் எண்ணைச் சொல்லிக் கேள். "மென்மையான ஈ.வி.ஏ." என்றால் எனக்கு ஒன்றும் புரியாது. 15 இருக்கிறதா, 45 இருக்கிறதா என்பதைப் பொறுத்து ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள்.

என் எம்.சி.ஆர். செருப்பில் காற்று வரட்டும் என்று டிரில் மிஷினால் 6 மி.மீ. துளை நிறையப் போட்டேன். இப்போது குதிகாலில் வலி. ஏன்? (ஆரணி)

துளை ஓரம் வெட்டுகிறது. 2 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, குதிகால் நடுவில் போடவே கூடாது என்று எத்தனை முறை எழுதிவிட்டேன்! அந்தச் செருப்பை மாற்றிவிடுங்கள்.

புது ஷூ போட்ட மூன்றாம் நாள் பாதத்தின் மேல்பக்கம் அரிப்பு, சிவப்பு. மருந்து சோல் போட்டும் குறையவில்லை. (மேல்விஷாரம்)

மேல்பக்கத்து அரிப்புக்கு அடியில் மருந்து வைத்து என்ன பயன்? விரலிடுக்கில் வந்தால் சேற்றுப்புண் என்று சந்தேகிக்கலாம், அதற்குப் பூஞ்சைக் களிம்பைத் தோலில்தான் போட வேண்டும். பட்டையின் வடிவத்திலேயே சிவந்திருந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். நியோப்ரீன் பசையில் இருக்கும் ஒரு பிசின், ரப்பரில் சேர்க்கும் ரசாயனம், குரோமிய உப்பால் பதனிட்ட குரோம் தோல், இந்த மூன்றும் வழக்கமான காரணங்கள். தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) எடுங்கள். போகும்போது அந்த ஷூவைக் கையோடு கொண்டு போங்கள்.

கால் ஆணிக்கு மருந்துப் பிளாஸ்டர் ஒட்டி, மேலே மருந்து சோல் போடலாமா? சர்க்கரை உண்டு. (பேரணாம்பட்டு)

சர்க்கரை இருந்தால் அந்தப் பிளாஸ்டரைத் தொடாதீர்கள். அதில் இருப்பது தோலைக் கரைக்கும் சாலிசிலிக் அமிலம், நல்ல தோலையும் கரைக்கும். அழுத்தம்தான் ஆணியை வளர்க்கிறது. அதை வேறு இடத்துக்கு மாற்றும்படி இன்சோலைச் செதுக்க வேண்டும்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலை கிரிவலம் போகிறேன். சர்க்கரை உண்டு, பாதத்தில் எரிச்சல் உண்டு. வெறுங்காலில்தான் போக வேண்டும் என்பது வேண்டுதல். போய் வந்த பிறகு மருந்து சோல் போட்டால் போதுமா? (போளூர்)

ஐயா, உங்கள் வேண்டுதலை நான் குறைத்துப் பேசவில்லை, என் வீட்டிலும் கிரிவலம் போகிறவர்கள் உண்டு. ஆனால் 14 கி.மீ. என்பது சுமார் 20,000 அடி. வழியில் கல், கண்ணாடிச் சில்லு, பகல் சூடு இறங்காத சாலை. எரிச்சல் என்பதே நரம்பு கெட ஆரம்பித்ததன் அடையாளம். போய் வந்த பிறகு போடும் சோல், போகும்போது விழுந்த கொப்புளத்தை மாற்றாது.

இந்தப் பௌர்ணமிக்கு முன்னால் மோனோஃபிலமெண்ட் சோதனை செய்யுங்கள். உணர்வு போயிருந்தால் வெறுங்காலில் போகவே கூடாது. எம்.சி.ஆர். செருப்போடு நடந்து, கோயில் வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போங்கள். உணர்வு இருக்கிறது என்று வந்தால், கனமான வெள்ளைப் பருத்தி சாக்ஸ் இரண்டு ஜோடி, நள்ளிரவுக்கு மேல் நடை, ஒவ்வொரு லிங்கத்திடமும் உட்கார்ந்து பாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளை சாக்ஸ் ஏன் என்றால், ரத்தம் பட்டால் உடனே தெரியும். பகலில் கோயில் கல்தரையிலும் வெறுங்காலோடு நிற்காதீர்கள். மரத்த கால் அங்கேயே வெந்துபோகும். வீட்டுக்கு வந்ததும் விரலிடுக்கைத் துடைத்து, கண் சரியாகத் தெரியாவிட்டால் வீட்டில் யாரையாவது இரண்டு பாதத்தையும் பார்க்கச் சொல்லிவிட்டுப் படுங்கள்.