தாய்ப்பாலில் மைக்ரோ ஆர்என்ஏவைக் கூட்டப் பவுடர் வேண்டுமா?

தொண்டியிலிருந்து ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் எழுதியிருக்கிறார். "தாய்ப்பாலில் மைக்ரோ ஆர்என்ஏவைக் கூட்டும், குழந்தையின் மூளை நன்றாக வளரும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு பவுடர் விளம்பரம் வருகிறதாம், வாங்கலாமா? மாமியாரோ பால்சுறா புட்டு போதும் என்கிறாராம்.

வாங்காதீர்கள் சகோதரி. மைக்ரோ ஆர்என்ஏ நிஜமான விஷயம்தான். 1993ல் ஒரு சின்னப் புழுவில் இதைக் கண்டறிந்ததற்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் இருவருக்கும் 2024ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். செல்லுக்குள் இருக்கும், சுமார் 22 மரபணு எழுத்து நீளமே உள்ள இந்தத் துணுக்கு, எந்தப் புரதம் எவ்வளவு உருவாக வேண்டும் என்பதை அடுப்புத் தீயைத் தணிப்பது போலக் கட்டுப்படுத்துகிறது. உங்கள் நஞ்சுக்கொடியிலும் இப்போது இந்த வேலைதான் நடக்கிறது. அங்கே 19வது குரோமோசோமிலிருந்து இந்தத் துணுக்குகளின் ஒரு பெரிய கூட்டமே உருவாகிறது, அதுவும் குழந்தைக்கு அப்பாவிடமிருந்து வந்த பிரதியிலிருந்து மட்டும்! அது உங்கள் ரத்தத்திலும் ஓடும், பிரசவமானதும் சீக்கிரமே குறைந்துவிடும்.

சரி, பாலுக்கு வருவோம். தாய்ப்பாலில் இவை ஏராளம், அவற்றில் பெரும்பாலானவற்றை மார்பகச் செல்களே தயாரிக்கின்றன. நுண்ணிய கொழுப்புப் பைகளுக்குள் இருப்பதால் வயிற்று அமிலத்தையும் ஓரளவு தாங்கும். ஆனால் குழந்தையின் குடலைத் தாண்டி உள்ளே போய் வேலை செய்கின்றனவா என்பதே ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதத்தில் இருக்கும்போது, மூளை வளரும் என்று அடித்துச் சொல்லிக் காசு கேட்பது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது. அந்தக் காசுக்கு நெத்திலி, சாளை வாங்கிக் குழம்பு வையுங்கள். பால்சுறாவை மாமியார் அன்போடுதான் சொல்கிறார், ஆனாலும் சுறாவில், அதிலும் பெரிய சுறாவில், பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் தவிர்ப்பதே நல்லது.

குழந்தை பிறந்ததும் சேனை, சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம், ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். மஞ்சளாக, கெட்டியாக, கொஞ்சமாகத்தான் வரும். இது பாலே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பி பீய்ச்சிக் கொட்டிவிடாதீர்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. பிரஷர் வருமா என்று மைக்ரோ ஆர்என்ஏவை வைத்து முன்கூட்டியே கணிக்கும் ஆய்வுகள் நடக்கின்றன, ஆனால் வழக்கமான கர்ப்பகாலப் பரிசோதனையில் அது இன்னும் சேரவில்லை. இன்றைக்கு உங்களைக் காப்பது ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கும் ரத்த அழுத்தமும் சிறுநீர்ப் பரிசோதனையும்தான். அழுத்தம் 140/90 ஆனாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், திடீர் முக வீக்கம், மேல்வயிற்று வலி என்று எது வந்தாலோ, ராத்திரி என்றாலும் 108ஐ அழையுங்கள்.