பைபாஸ் வசதி இல்லாத மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 61. வேகமாக நடந்தால் நெஞ்சு வலிக்கிறது. ஆஞ்சியோகிராமில் வலது இதயத் தமனியில் 80 சதவீத அடைப்பு தெரிந்தது. எங்கள் ஊரிலேயே ஸ்டென்ட் வைக்கலாம் என்கிறார்கள். ஆனால் அங்கே இதய அறுவை சிகிச்சைப் பிரிவு இல்லை. இது பாதுகாப்பானதா?

பதில்: 1977இல் சூரிச் நகரில், அடைபட்ட தமனியை உள்ளிருந்து விரிக்கும் பலூன் சிகிச்சை தொடங்கிய காலத்தில், பலூன் விரியும்போது தமனியின் உட்சுவர் கிழிந்து ரத்த ஓட்டம் நின்றுவிட்டால் உடனடி பைபாஸ்தான் வழி என்பதால், அறுவை அரங்கைத் தயாராக வைத்துக்கொண்டே சிகிச்சை செய்தார்கள். தமனிக்குள் பொருத்தும் வலைக்குழாயான ஸ்டென்ட் வந்தபின் அந்தக் கிழிசலை உள்ளிருந்தே தாங்கிப் பிடிக்க முடிவதால், அவசர பைபாஸ் இன்று மிக அரிதாகவே தேவைப்படுகிறது.

அமெரிக்காவில் 18,867 பேரிடம் நடத்தப்பட்டு 2012இல் வெளியான சி-போர்ட் ஆய்வில், ஆறு வாரத்துக்குள் இறந்தவர்கள் அறுவைப் பிரிவு இல்லாத மருத்துவமனைகளில் 0.9 சதவீதம், உள்ளவற்றில் 1.0 சதவீதம். ஒன்பது மாதத்துக்குள் அதே தமனிக்கு மறுபடி சிகிச்சை தேவைப்பட்டவர்கள் மட்டும் முதல் வகையில் சற்றுக் கூடுதல். ஆனால் அதிக ஆபத்துள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

ஆகவே, தந்தைக்கு அந்த ஓர் அடைப்பு மட்டுமே இருந்து, இதயத்தின் பம்ப் செய்யும் திறனும் நன்றாக இருந்தால், உள்ளூரில் செய்துகொள்வதை நான் மறுக்கமாட்டேன். இடது பிரதான தமனியில் அடைப்பு, சுண்ணாம்பு படிந்து இறுகிய அடைப்பு, சர்க்கரை நோயுடன் மூன்று தமனிகளிலும் அடைப்பு ஆகியவை இருந்தால் பெரிய மையத்துக்கே செல்லுங்கள். மூன்று தமனி அடைப்பில் ஸ்டென்டா பைபாஸா என்று முடிவெடுக்கும்போதே அறுவை நிபுணரும் உடனிருக்க வேண்டும். என் கணிப்பில், ஆபத்தில் காப்பாற்றுவதைவிட இதற்குத்தான் அவர் அதிகம் தேவைப்படுகிறார்.

சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளும் முன், அந்த மருத்துவர் தொடர்ந்து நிறைய ஸ்டென்ட் வைப்பவரா, தமனியில் துளை விழுந்தால் அடைக்கும் உறையிட்ட ஸ்டென்டும் இதயத்தைச் சுற்றித் தேங்கும் ரத்தத்தை வடிக்கும் ஊசியும் ஸ்டென்ட் வைக்கும் அறையான கேத் லேபிலேயே இருக்கின்றனவா, அன்றிரவு பணியில் இருப்பவர் யார், அவசரமானால் எந்த அறுவை மையம் ஏற்றுக்கொள்ளும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு, முன்பே உடன்பாடு செய்துகொண்ட மையத்தின் பெயர் பதிலாக வர வேண்டும். ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் அங்கே செய்துகொள்ள வேண்டாம். வலி நடக்கும்போது மட்டும் வந்து மாத்திரையில் கட்டுப்படுகிறது என்றால், இதையெல்லாம் விசாரிக்க உங்களுக்கு அவகாசம் இருக்கிறது.

ஓய்விலும் வலி வந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறிவிடும்; அது மாரடைப்பாக இருக்கலாம். மாரடைப்பின்போது அறுவை வசதி தேடித் தொலைதூரம் அலையாமல், உடனே 108ஐ அழைத்து, அருகில் கேத் லேப் உள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் அங்கே சிகிச்சை கிடைக்க வழியில்லை என்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதலில் கிடைக்கும் இடத்திலேயே போட்டுக்கொள்ள வேண்டும்.